கராத்தேயில் ஊறியவர் ஐகிடோவுக்கு மாறினால்: கைகொடுப்பது எது, இடிப்பது எது

கராத்தேயில் பிளாக் பெல்ட் வாங்கி, அதற்குப் பிறகும் பல வருடம் உழைத்தவர்களுக்கு ஒரு கட்டத்தில், எதிராளியைப் பிடித்து எறிகிற ஜப்பானியக் கலையான ஐகிடோ பக்கம் கண் போகும். சிலருக்குப் போட்டி அலுத்துவிட்டிருக்கும். சிலருக்கு இடுப்பும் முழங்காலும் வலிக்க ஆரம்பித்திருக்கும். இன்னும் சிலருக்கு, யாராவது சட்டையைக் கொத்தாகப் பிடித்துவிட்டால் கைவசம் பதில் இல்லையே என்ற உறுத்தல். இந்தக் கடைசிக் காரணத்துக்காகப் போகிறவருக்கு ஐகிடோ நிறையக் கொடுக்கும். உடம்பு வலிக்காகப் போகிறவர் மட்டும் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் குத்திலிருந்து ஆரம்பிக்கலாம். உரசல் தொடங்குவதே அங்கேதான்.

கராத்தேயில் குத்து போன வேகத்தில் திரும்பிவிடும். குமிதேயில், அதாவது இருவர் மோதும் பயிற்சியில், கையை நீட்டியபடி நிற்பவன் பதிலடி வாங்குவான். அதனால் ‘அடி, உடனே இழு’ என்பது எலும்பு வரை ஊறிய பழக்கம். ஐகிடோவில் பயிற்சிக்குக் கொடுக்கும் ட்ஸுகி அப்படி இல்லை. முழு எடையும் முன்னால் வர, எதிராளியைத் தாண்டிப் போகும் எண்ணத்தோடு வரும் குத்து அது. கொதேகாயேஷி போன்ற மணிக்கட்டுத் திருகல்கள் அந்த முன்னோக்கிய வேகத்தை நம்பித்தான் கட்டப்பட்டிருக்கின்றன. கராத்தேக்காரர் வழக்கம்போலக் குத்தி இழுத்துக்கொண்டால் எதிரே இருப்பவர் கையில் காற்றுதான் அகப்படும். உடனே “இது நிஜச் சண்டையில் வேலை செய்யாது” என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

அந்த முடிவு பாதிதான் சரி. ஐகிடோவின் தாக்குதல் பட்டியலைப் பாருங்கள்: ஷோமெனுச்சி, யோகொமெனுச்சி, கதாதேதோரி. முதல் இரண்டும் வாள் வெட்டின் கோடுகள். மூன்றாவது மணிக்கட்டைப் பிடிப்பது. எதிராளி ஆயுதத்தை உருவாமல் தடுக்க நினைப்பவன் அதைத்தான் செய்வான். ஐகிடோவை உருவாக்கிய மொரிஹேய் உயெஷிபா 1915-இல் ஹொக்கைடோவில் தகேடா சோகாகுவிடம் டைட்டோ-ரியூ என்ற ஜுஜுட்சு (பிடி, எறிதல் கலை) மரபைக் கற்கத் தொடங்கினார். அந்த மரபு வளர்ந்தது ஆயுத உலகில். கையுறை போட்டு, தொடர்ச்சியாக வேகக் குத்துகள் விடுகிற ஆளை மனதில் வைத்து இது உருவாகவில்லை. அந்தக் கேள்விக்குக் கராத்தே மேலான பதில் வைத்திருக்கிறது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் பிடித்து இழுக்கிறவன், கத்தியோடு வருகிறவன், மேலே விழுந்து தள்ளுகிறவன் என்று வரும்போது வழக்கமான கராத்தே வகுப்பு பெரும்பாலும் மௌனம். ஐகிடோ அந்தத் தூரத்திலேயே குடியிருக்கிறது.

சரி, எது கைகொடுக்கும்? நிச்சயமாக நேரக்கணிப்பு. எதிராளி கிளம்பும் அதே கணத்தில் உள்ளே புகுந்து அடிக்கிற ‘தேஆய்’ உங்களுக்குப் பழக்கமாக இருந்தால், ஐகிடோவின் இரிமி (உள்ளே நுழைதல்) பாதி வந்துவிட்டது என்றே சொல்வேன். இரிமிநாகே என்ற எறிதலில் நீங்கள் செய்வதும் அதே நுழைவுதான். முஷ்டி போக வேண்டிய இடத்துக்குக் கை விரிந்து போகிறது, பிறகு கழுத்தை வாங்கிக்கொள்கிறது. புதிதாகச் சேர்ந்தவர்கள் பல வருடம் திணறுகிற இடம் இது. பின்வாங்காமல் தாக்குதலுக்குள் நடக்கும் துணிச்சலைக் குமிதே உங்களுக்கு ஏற்கெனவே கொடுத்துவிட்டது. அதேபோல அதெமி, அதாவது எதிராளியைக் குலைக்கக் கொடுக்கும் அடி. அடி விழும் அபாயம் இல்லாவிட்டால் எதிராளி சமநிலையை விட்டுக்கொடுக்க மாட்டான். பல ஐகிடோ மாணவர்களின் அதெமி வெறும் கையசைப்பாக இருக்கும். உங்களுடையது அப்படி இருக்காது.

இடிக்கப்போவது கிமே. அசைவின் முடிவில் உடம்பை ஒரு நொடி இறுக்குவது கராத்தேயில் அழகு, பலம் இரண்டும். ஐகிடோவில் அந்த இறுக்கம் எதிராளிக்குக் கைப்பிடி. தோள் இறுகினால் அவர் உங்கள் மொத்த உடம்பையும் அந்தத் தோள் வழியாகவே அசைத்துவிடுவார். இக்கியோ (எதிராளியின் கையை அடக்கிக் கீழே அமர்த்தும் உத்தி) செய்யும்போது தோள்பலத்தால் அமுக்கிக் கீழே தள்ளப் பார்ப்பது கராத்தேயிலிருந்து வருகிற எல்லோரிடமும் தெரியும். முன்காலை மடித்து நிற்கும் ஆழமான ஜென்குட்சு-தாச்சியிலிருந்து சட்டென்று திரும்பி டெங்கான் (சுழன்று விலகல்) செய்வதும் சுலபமில்லை. நிலை உயர வேண்டும், எடை இரண்டு காலுக்கும் நடுவே மிதக்க வேண்டும்.

அப்புறம் உகெமி, அதாவது அடிபடாமல் விழும் கலை. ஐகிடோ வகுப்பின் வழக்கமான முறை, ஆசிரியர் ஒரு உத்தியைக் காட்டுவார். ஜோடியாகச் சேர்ந்து நான்கு முறை ஒருவர் செய்ய, அடுத்த நான்கு முறை மற்றவர் செய்வார். அதாவது பாதி நேரம் நீங்கள் விழுந்துகொண்டிருப்பீர்கள். கராத்தேக்காரர்களில் பலர் நின்றே பழகியவர்கள். முன்னுருளல், பின்னுருளல், கொதேகாயேஷியில் காற்றில் சுழன்று விழுவது எல்லாம் முதலிலிருந்து கற்க வேண்டும். தோள்பட்டையும் காலர் எலும்பும் அடிபடுவது இந்தக் கட்டத்தில்தான். அவசரமே கூடாது. ஆனால் இந்த மாற்றத்தில் கிடைக்கிற மிகப் பெரிய லாபம் எது என்று கேட்டால் உகெமியைத்தான் சொல்வேன். வழுக்கி விழும் வயதில் சண்டை உத்தி எதுவும் உதவாது, விழத் தெரிந்திருப்பது உதவும்.

முழங்கால் விஷயத்துக்கு வருகிறேன். “ஐகிடோ மென்மையானது, உடம்புக்கு நல்லது” என்று நம்பி வருகிறவர்களுக்கு சுவரி-வாசா அதிர்ச்சி தரும். முட்டி போட்டபடி நகர்வது, முட்டியிலேயே திரும்புவது, அங்கிருந்தே எறிவது எல்லாம் பாடத்தின் பகுதி. ஏற்கெனவே தேய்ந்த முழங்காலுக்கு இது கராத்தேயைவிட மோசமாகக்கூட இருக்கலாம். முகத்திலும் விலாவிலும் அடி விழுவது குறையும், அது உண்மை. மூட்டுகளுக்கு வேலை குறையாது. சேரும் முன்பே ஆசிரியரிடம் பேசி, முட்டிப் பயிற்சியைத் தவிர்க்க அனுமதி உண்டா என்று கேட்டுவிடுங்கள்.

ஐகிடோவில் எதிர்ப்போடு பயிலும் வாய்ப்பு குறைவு. எனக்கு இதுதான் உண்மையான கவலை. குமிதேயில் எதிராளி ஒத்துழைக்க மாட்டான், தவறு உடனே தெரிந்துவிடும். ஐகிடோவின் மிகப் பெரிய அமைப்பான ஐகிகாய் வழியில் போட்டியே கிடையாது. உயெஷிபா அதை விரும்பவில்லை. நல்ல டோஜோவில் (பயிற்சிக்கூடத்தில்) உகே, அதாவது தாக்கி விழுபவர், நேர்மையாகத் தாக்குவார், சமநிலை போகாவிட்டால் விழ மாட்டார். மோசமான இடத்தில் தொடுவதற்கு முன்பே விழுந்துவிடுவார். கராத்தேயின் ஸ்பாரிங்கை முழுவதுமாக விட்டுவிட்டு வருகிறவர், சில வருடங்களில் அந்த விழிப்பை இழப்பார் என்றே நினைக்கிறேன்.

அதனால் எந்தக் கிளை என்பது முக்கியமாகிறது. 1955-இல் கோசோ ஷியோடா தொடங்கிய யோஷின்கான், ஷோட்டோகான் என்ற கராத்தே வழியில் வந்தவருக்குப் பிறந்த வீடு மாதிரி இருக்கும்: தெளிவான காமாயே (தயார்நிலை), எண்ணிக்கைக்குச் செய்யும் அடிப்படை அசைவுகள், கறாரான ஒழுங்கு. டோக்கியோ கலகத் தடுப்புக் காவலர்கள் பயில்வதும் இந்த வழியில்தான். கென்ஜி தொமிகியின் வழியில் போட்டி உண்டு. ஒருவர் மென்மையான கத்தியால் உண்மையாகக் குத்த வருவார், மற்றவர் வெறுங்கையால் சமாளிக்க வேண்டும். எதிர்ப்பு இல்லாமல் இருக்க முடியாதவருக்கு இதுவே என் முதல் பரிந்துரை. இவாமாவில் மொரிஹிரோ சைட்டோ காத்த மரபில் போக்கனும் (மரவாள்) ஜோவும் (தடி) வெறுங்கை உத்தியோடு சேர்ந்தே வரும். 31 அசைவு ஜோ கத்தா (வரிசையாகச் செய்யும் அசைவுத் தொகுப்பு), கத்தா பிரியர்களுக்கு விருந்து. ஐகிகாய் மிகப் பரந்தது, அங்கே ஆசிரியரைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

மாறாமலே இதில் கொஞ்சம் கிடைக்குமா? கிடைக்கும். வாடோ-ரியூ என்ற கராத்தே வழியை உருவாக்கிய ஹிரோனோரி ஓட்சுகா, கராத்தேக்கு முன்பே ஷிண்டோ யோஷின்-ரியூ ஜுஜுட்சு கற்றவர்; விலகி வழிவிடும் அசைவு அதில் நிறைய. இன்னொரு கராத்தே வழியான கோஜு-ரியூவில் கை ஒட்டிப் பழகும் ககியே இருக்கிறது. உங்கள் கத்தாக்களின் புங்காயை (அசைவுகளின் பயன்பாட்டு விளக்கத்தை) ஆழமாகக் கற்பிக்கும் ஆசிரியர் கிடைத்தால் பிடியும் எறிதலும் அதற்குள்ளேயே வெளிவரும். ஆனால் எறிதலும் விழுதலும் தினசரிப் பாடமாக இருப்பது ஐகிடோவில்தான், அந்த அளவு உருட்டல் வேறு வழியில் வராது.

பெல்ட் பற்றி ஒரே வரி: பல டோஜோக்களில் ஷோடான் (முதல் பிளாக் பெல்ட் நிலை) வரை வெள்ளைதான், பழைய கராத்தே டானுக்குச் சலுகை எதிர்பார்க்காதீர்கள்.

சேரும் முன் ஒரு வகுப்பை ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். ஷோமெனுச்சி நெற்றிக்கு வருகிறதா, காற்றுக்குப் போகிறதா? ஆசிரியரே புதியவருக்கு விழுந்து காட்டுகிறாரா? மூத்த மாணவரின் மணிக்கட்டை உறுதியாகப் பிடித்தால் அவர் கோபப்படுகிறாரா, வேறு வழி தேடுகிறாரா? இவை சரியாக இருந்தால் வாரத்தில் இரண்டு நாள் ஐகிடோ, ஒரு நாள் கராத்தே ஸ்பாரிங் என்று ஒரு வருடம் ஓட்டிப் பாருங்கள். முழுதாக மாறுவதா வேண்டாமா என்பதை அதற்குப் பிறகு முடிவு செய்துகொள்ளலாம்.