கம்பம் பள்ளத்தாக்கில் மூணு ராத்திரி: மலை இல்லை, அடிவாரம்தான்

தங்கின இடத்தின் பெயரைப் போடவில்லை. குறையும் சொல்லப் போகிறேன், நடத்துகிறவர் நல்ல மனுஷன், அதனால்தான். தேனி மாவட்டம், உத்தமபாளையத்துக்கும் ராயப்பன்பட்டிக்கும் நடுவே திராட்சைத் தோட்டத்துக்குள் இருக்கும் ஒரு தோட்ட வீடு. நாலு அறை, முன்னால் வேப்ப மரம், ஒரு நாளைக்கு 2,800 ரூபாய், காலைச் சாப்பாடு அதிலேயே சேர்த்தி. ஆடி மாதம் நான், மனைவி, பையன், அம்மா நாலு பேரும் போய் மூணு ராத்திரி இருந்தோம்.

முதல் குறை விளம்பரத்தில்தான். 'மேகமலை மடியில்' என்று போட்டு, படத்தில் தேயிலைத் தோட்டமும் மேகமுமாகக் காட்டியிருந்தார்கள். அந்தப் படம் எடுத்த இடத்துக்கு இங்கிருந்து சின்னமனூர் போய், தென்பழனி சோதனைச் சாவடி தாண்டி, 18 கொண்டை ஊசி வளைவு ஏறணும், எங்களுக்கு ரெண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது, சாயங்காலத்துக்கு மேல் வனத்துறை வண்டியை விடுவதும் இல்லை. குளிரும் என்று நினைத்து அம்மாவுக்கு ரெண்டு ஸ்வெட்டர் எடுத்துப் போயிருந்தோம், பையை விட்டு வெளியே எடுக்கவே இல்லை. பகலில் நல்ல வெயில், கூடவே ஆளைத் தள்ளுகிற காத்து, நடுநடுவே மலையிலிருந்து பிய்ந்து வந்த மாதிரி ரெண்டு நிமிஷம் சாரல். ஊட்டி மாதிரி இருக்கும் என்று நினைத்து வருகிறவர்கள் முதல் நாளே மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். என் மனைவியும் அப்படித்தான், ரெண்டாம் நாள் காலைதான் சரியானாள்.

ரெண்டாம் நாள் காலையில் அப்படி என்ன நடந்தது என்றால், ஒன்றுமே நடக்கவில்லை. ஆறரை மணிக்குத் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். கிழக்கே மேகமலை சுவர் மாதிரி நிற்கிறது, சூரியன் அதைத் தாண்டித்தான் வரவேண்டும், அதனால் வானம் வெளுத்த பிறகும் தோட்டம் நிழலிலேயே கிடக்கிறது. மேற்கே கேரளத்து மலைக்கு மட்டும் உச்சியில் வெயில் விழுந்து, அந்த வெயில் மெதுவாகக் கீழே இறங்கி வருகிறது. மலை மேலே ஏறியிருந்தால் இதைப் பார்த்திருக்க முடியாது. விளம்பரத்தில் இதைப் போட யாருக்கும் தோன்றவில்லை என்பதுதான் வருத்தம்.

திராட்சைக்கு வருவோம். இங்கே விளைவது பன்னீர் திராட்சை. கொட்டை இருக்கும், தோல் கொஞ்சம் தடிமன், கடையில் விற்கிற விதையில்லாத பச்சைத் திராட்சையோடு ஒப்பிட்டால் வேறு ஜாதி. 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. 1832-இல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் கொண்டுவந்து வைத்ததாகச் சொல்வார்கள். கல்லுக்கால் நட்டு, கம்பி இழுத்து, பந்தல் தலைக்கு மேலே. உள்ளே நடந்தால் கொத்து நெற்றியில் இடிக்கும். கிளையைக் கழித்துக் கவாத்து வெட்டினதிலிருந்து ஏறக்குறைய நாலு மாதத்தில் பழம் வந்துவிடும் என்றும், ஒவ்வொரு தோட்டத்திலும் வேறு வேறு மாதத்தில் வெட்டுவதால் பள்ளத்தாக்கில் எந்த மாதம் வந்தாலும் எங்கேயாவது பழம் இருக்கும் என்றும் வீட்டுக்காரரின் மகன் விளக்கினார். அவருக்கு இருபத்திரண்டு வயசு இருக்கும், கேட்ட கேள்விக்கெல்லாம் அலுக்காமல் பதில் சொன்னார், இந்த இடத்துக்கு நான் தருகிற மதிப்பெண்ணில் பாதி அவருக்குத்தான்.

ஆனால் ஒன்று. என் பையன் வந்ததும் வராததுமாக ஒரு கொத்தைப் பறித்து வாயருகே கொண்டுபோய்விட்டான். "தம்பி, கழுவாமத் திங்காதீக, மருந்தடிச்சு மூணு நாள்தான் ஆகுது" என்று பந்தலுக்குள் வேலை செய்துகொண்டிருந்த ஒரு அம்மா ஓடி வந்து தடுத்தார். குழந்தைகளோடு வருகிறவர்களிடம் இதை வாசலிலேயே சொல்ல வேண்டாமா? ஒரு பலகை எழுதி வைத்தால் போதும். சொன்னேன், வைக்கிறேன் என்றார்கள்.

அறை பரவாயில்லை. மெத்தை சுத்தம், கொசுவலை உண்டு. எங்களுக்குக் கொடுத்த ரெண்டு அறையில் ஒன்றில் மேல்நாட்டுக் கழிப்பறை கிடையாது, முட்டிவலிக்காரர்கள் முன்னாடியே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மும்முனை மின்சாரம் வந்தால் பக்கத்துக் கிணற்று மோட்டார் தானாக ஓட ஆரம்பித்துவிடும், அது ராத்திரி ரெண்டு மணியானாலும் சரி. வெளியே 'கேம்ப் ஃபயர்' என்று ஒரு 600 ரூபாய் கேட்டார்கள், அந்தக் காத்தில் நெருப்பு மூட்டுவது ஆபத்து என்று நானே வேண்டாம் என்றேன்.

சாப்பாடு அருமை. காலையில் இட்லிக்குத் தேங்காய்ச் சட்னியும் ஒரு தக்காளித் தொக்கும், மதியம் மொச்சைக்கொட்டை போட்ட கருவாட்டுக் குழம்பு. நாட்டுக்கோழி வேண்டுமென்றால் காலையிலேயே சொல்லிவிடணும். சோறு அந்தப் பக்கத்து வயலில் விளைந்த நெல் என்றார் வீட்டுக்காரர். அப்புறம் அவர் ஆரம்பித்தது தண்ணீர்க் கதை. மேற்கே ஓடி அரபிக்கடலில் விழுந்துகொண்டிருந்த பெரியாற்றை 1895-இல் அணை கட்டி மறித்து, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பினார்கள். லோயர் கேம்ப்பில் இறங்குகிற அந்தத் தண்ணீரை நம்பித்தான் இந்தப் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல். சாப்பாட்டு அறையில் சாமி படங்களுக்கு நடுவே அந்த அணையைக் கட்டின ஆங்கிலேய இன்ஜினியர் பென்னிகுவிக் படம், அதற்கும் மாலை. டீக்கடைகளிலும் அதே படம்தான். வெளியூர்க்காரருக்கு வேடிக்கையாகத் தெரியும், ஒரு வாரம் வாய்க்கால் ஓரம் நடந்தால் தெரியாது.

மூணாம் நாள் விடியற்காலை தூக்கம் வராமல் வீட்டுக்காரரோடு கம்பம் வரைக்கும் பைக்கில் போனேன். அஞ்சரை மணிக்கு ஜீப்புகள் வரிசையாக நிற்கின்றன. தூக்குவாளியும் தலையில் துண்டுமாகப் பெண்கள் ஏறுகிறார்கள், ஒரு ஜீப்பில் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்து விட்டுவிட்டேன். எல்லாரும் கம்பம்மெட்டு ஏறி இடுக்கிப் பக்கம் ஏலக்காய்த் தோட்ட வேலைக்கு. சாயங்காலம் இதே ஜீப்பில் இறங்கி வருவார்கள். அவர்கள் எடுக்கிற ஏலக்காயில் ஒரு பங்கு காய்ந்த பிறகு ஏலம் விட மறுபடி இதே மாவட்டத்துப் போடிக்கே இறங்குகிறது. டீக்கடையில் பேச்சு அரிசிக்கொம்பனில் போய் நின்றது. 2023 மே மாதம் அந்த யானை கம்பம் ஊருக்குள்ளேயே வந்தபோது எந்தத் தெருவில் யார் எப்படி ஓடினார்கள் என்று ஒருவர் நடித்தே காட்டினார்.

போய்ச் சேரும் வழி: மதுரையிலிருந்து தேனிக்கு ரயில் இருக்கிறது. அகலப்பாதை வேலைக்காக 2010 கடைசியில் நிறுத்தினது, தேனி வரை 2022-இலும் போடி வரை 2023-இலும்தான் திரும்ப வந்தது. ஆண்டிபட்டிக் கணவாய் தாண்டும்போது ஜன்னல் ஓரம் உட்காருங்கள். தேனியிலிருந்து கம்பம் பஸ் அடிக்கடி உண்டு, உத்தமபாளையத்தில் இறங்கிக்கொள்ளலாம். சுருளி அருவி பக்கம்தான், ஆனால் தண்ணீர் கூடினால் குளிக்க விடமாட்டார்கள், நாங்கள் போன அன்றைக்கும் விடவில்லை.

அஞ்சுக்கு மூணரை கொடுப்பேன். படத்தை மாற்றினால் நாலரை.

திராட்சை வாங்குவதாக இருந்தால் கிளம்புகிற அன்றைக்கு வாங்குங்கள், அட்டைப்பெட்டி கேட்டு வாங்குங்கள். நான் இரண்டு கிலோவைத் துணிப்பையில் போட்டு, அதைப் பையனின் பைக்குள் திணித்து, திரும்பும்போது பஸ்ஸில் வந்தேன். மதுரை ஆரப்பாளையத்தில் இறங்கிப் பார்த்தால் அடிக்கொத்தெல்லாம் நசுங்கி, அம்மாவின் அந்த ரெண்டு ஸ்வெட்டரும் ஊதாக் கலரில் பன்னீர் மணத்தோடு இருந்தன.