டயலாக், விப்டெயில், ஜெனிட்டி: எந்த மெஷினுக்கு எது?

அல்சூரில் ஒரு கடை. ராத்திரி கடை மூடும்போது பில் போடுபவர்தான் பேக்கப் ஸ்கிரிப்டை ஓட்டுகிறார். கறுப்புத் திரையில் "தொடரலாமா?" என்று வெறும் எழுத்தில் கேட்டால் ஒருநாள் "ஆமா" என்பார், ஒருநாள் சும்மா என்டர் தட்டுவார். இரண்டு பட்டன் உள்ள பெட்டி வந்துவிட்டால் அந்தக் குழப்பமே இல்லை. ஷெல் ஸ்கிரிப்டிலிருந்து இப்படிப் பெட்டி காட்டும் புரோகிராம்கள்தான் டயலாக் (dialog), விப்டெயில் (whiptail), ஜெனிட்டி (zenity). முதல் இரண்டும் டெர்மினலிலேயே வரையும், ஜெனிட்டி தனி விண்டோ திறக்கும்.

உபுண்டு, டெபியன் சர்வர் என்றால் முதலில் விப்டெயிலைப் பாருங்கள். பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும். ராஸ்பெர்ரி பையின் நீல அமைப்புத் திரையும் விப்டெயில்தான். ஃபெடோரா, ராக்கி லினக்ஸில் விப்டெயில் பேக்கேஜின் பெயர் வேறு: நியூட் (newt). டயலாக்குக்கு எங்கும் அதே பெயர்தான். பேக்கேஜ் நிறுவும் கமாண்டுகளான ஏபிடி, டிஎன்எஃப், மேக்கில் ப்ரூ, எதில் கேட்டாலும் கிடைக்கும்.

விப்டெயில், டயலாக் இரண்டிலும் எல்லோரும் இடறுகிற இடம் ஒன்று உண்டு. பெட்டியை ஸ்டான்டர்டு அவுட்புட்டில் (வழக்கமான வெளியீட்டு வழி) வரைகின்றன, பதிலை ஸ்டான்டர்டு எர்ரரில் (பிழைச் செய்திக்கான தனி வழி) தருகின்றன. அதனால் ஸ்டான்டர்டு அவுட்புட்டை மட்டும் பிடிக்கும் $( ) போட்டுப் பதிலைப் பிடிக்கப் போனால் பெட்டி திரைக்கே வராது, ஸ்கிரிப்ட் தொங்கியது போலத் தெரியும். கமாண்டின் கடைசியில் 3>&1 1>&2 2>&3 சேர்த்தால் இரண்டு வழிகளும் இடம் மாறிச் சரியாகும். டயலாக்கில் பதிலை நேராக ஸ்டான்டர்டு அவுட்புட்டுக்கு அனுப்பும் ஸ்டிடிஅவுட் (--stdout) ஆப்ஷனும் இருக்கிறது, விப்டெயிலில் அது கிடையாது. பதிலை டெம்ப் ஃபோல்டரில் நிலையான பெயருள்ள ஃபைலில் எழுதும் பழைய வழி வேண்டாம். பாஸ்வேர்டு கேட்கும் பெட்டியில் அது ஆபத்து.

அடுத்தது எக்ஸிட் கோட், அதாவது கமாண்ட் முடியும்போது தரும் எண். ஓகே 0, கேன்சல் 1, எஸ்கேப் 255. ஸ்கிரிப்டின் தலையில் செட் -ஈ (set -e: எந்தக் கமாண்ட் 0 தராவிட்டாலும் நிறுத்து) இருந்தால், கேன்சல் அழுத்திய நொடியே மொத்த ஸ்கிரிப்டும் செத்துவிடும். பெட்டியை இஃப் கண்டிஷனுக்குள் வையுங்கள். ஃபங்ஷனுக்குள் லோக்கல் (local) மாறியின் அறிவிப்பும் பெட்டியும் ஒரே வரியில் இருந்தால் இதற்கு நேர்மாறான தொல்லை: கேன்சல் அழுத்தினாலும் 0 தான் வரும், பேக்கப் ஓடிவிடும். அறிவிப்பு ஒரு வரி, பெட்டி அடுத்த வரி.

ஆம்/இல்லை, மெனு, செக்லிஸ்ட், கேஜ் (எவ்வளவு முடிந்தது என்று காட்டும் பட்டை) வரை போதும் என்றால் விப்டெயிலே தாராளம். காலண்டர், பல கட்டங்கள் கொண்ட ஃபார்ம், ஃபைல் தேர்வு என்று வந்துவிட்டால் டயலாக்தான். விப்டெயிலில் இவை இல்லவே இல்லை. காலண்டரில் ஒரு பொறி உண்டு. தேதி 05/03/2025 என்று சாய்கோடுகளோடு வரும். அதை அப்படியே ஃபைல் பெயரில் ஒட்டினால் ஷெல் 05 என்ற ஃபோல்டரைத் தேடும், பேக்கப் தோற்கும். டேட்-ஃபார்மட் (--date-format) ஆப்ஷனில் 2025-03-05 என்ற வடிவத்தைக் கேட்டு வாங்குங்கள். ஃபைல்களும் தேதி வரிசையில் நிற்கும்.

விப்டெயிலுக்கு எழுதியதை டயலாக் பெரும்பாலும் ஏற்கும், எதிர்த்திசையில் ஏற்காது. எது கிடைக்கும் என்று தெரியாத மெஷின்களுக்கு எழுதுவதானால் விப்டெயிலின் ஆப்ஷன்களுக்குள்ளேயே நில்லுங்கள்.

ஜெனிட்டி பார்க்க அழகு, பதிலையும் நேராக ஸ்டான்டர்டு அவுட்புட்டிலேயே தரும். ஆனால் அதற்கு டெஸ்க்டாப் வேண்டும். எலக்ட்ரானிக் சிட்டியிலிருந்து எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து டெர்மினலில் நுழையும் வழி) போட்டு ஓசூர் கிளை சர்வரில் ஓட்டினால் டிஸ்ப்ளே இல்லை என்று சொல்லி நின்றுவிடும். எஸ்.பி. ரோட்டில் வாங்கிய பழைய டெஸ்க்டாப்பில் உபுண்டு போட்டு, ஐகானைக் கிளிக் செய்து ஓட்டுகிற ஸ்கிரிப்டுக்கு அதுவே பொருத்தம்.

தமிழில் செய்தி காட்டவும் ஜெனிட்டிதான் நம்பகமானது. மற்ற இரண்டில் லொக்கேல் (மெஷினின் மொழி, எழுத்து அமைப்பு) யூடிஎஃப்-8 ஆக இல்லாவிட்டால் எழுத்தே சிதையும். லொக்கேல் சரியாக இருந்தாலும், "கொ", "மௌ" போன்ற எழுத்துகளின் அகலத்தை டெர்மினல் ஒரு மாதிரியும் பெட்டியை வரையும் லைப்ரரி ஒரு மாதிரியும் கணக்கிட்டால் பெட்டியின் வலது ஓரக் கோடு அந்த வரியில் மட்டும் விலகி நிற்கும். வரிகளைச் சிறிதாக வைத்து, கடை மெஷினின் டெர்மினலிலேயே ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.