ராட் ஹோல்டர் (தூண்டில் தாங்கி) செய்து தருகிறேன் என்று விளம்பரம் போடுபவரிடம் ஜாக்கிரதை: ஃப்ளோட் டியூப் வைத்திருப்பவர்களுக்கு

வாஷிங்டன் மாநிலத்தில் ஃப்ளோட் டியூபில் (ஒருவர் உட்காரும் காற்றடித்த மிதவை) உட்கார்ந்து ட்ரௌட் மீன் பிடிக்கும் தமிழ் நண்பர்கள் இப்போது ஓரளவு சேர்ந்துவிட்டார்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். "உங்கள் டிசைனைக் கொடுங்கள், 3டி பிரிண்ட் செய்து டியூபிலேயே பொருத்தித் தருகிறேன்" என்று சியாட்டில் பக்கம் ஒருவர் ஆன்லைனில் விளம்பரம் போட்டுக்கொண்டிருக்கிறார். என்னிடம் 185 டாலர் வாங்கினார். கொடுத்தது சொன்ன பொருள் இல்லை, சொன்ன பசை இல்லை, சொன்ன போல்ட்டும் இல்லை. பணம் போனது ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தச் சாமான் ஏரி நடுவில் என்ன செய்தது என்பதுதான் எனக்குப் பெரிய விஷயம்.

நான் கேட்டது இதுதான். ஃப்ளோட் டியூபில் காலில் ஃபின் (துடுப்புச் செருப்பு) மாட்டிக்கொண்டு பின்பக்கமாகத்தான் நகர்வோம். தூண்டில் நரம்பு நமக்கு முன்னால் இழுபட்டு வரும். கடையில் விற்கும் ஹோல்டர்கள் பெரும்பாலும் படகுக்கும் கயாக்குக்கும் செய்தவை. அவற்றை அப்படியே டியூபில் வைத்தால் ராடு தப்பான கோணத்தில் நிற்கும், கையும் சரியாக எட்டாது. அதனால் நானே வரைந்தேன். வலது பக்கக் குழாயின் மேல் ஒரு தட்டு. அதில் முன்பக்கம் சாய்ந்த ராட் ஹோல்டர். அதை ஒட்டி ஃபோர்செப்ஸ் மாட்ட ஒரு கொக்கி, வலையின் கைப்பிடியைச் செருக ஒரு வளையம். இடது பக்கம், மீன் இருக்கும் இடம் காட்டும் ஃபிஷ் ஃபைண்டருக்கு ஒரு தாங்கி. எல்லாமே டியூபில் ஒட்டிய டி-ரிங்குகளில் (D வடிவ வளையம் உள்ள ஒட்டுப்பட்டை) பட்டையால் கட்டியிருக்க வேண்டும், ஆபத்து என்றால் ஒரே இழுப்பில் கழன்றுவிட வேண்டும்.

பொருள் விஷயத்தில் மூன்றை எழுத்திலேயே கேட்டிருந்தேன். பிளாஸ்டிக் ஏ.எஸ்.ஏ. மட்டும்தான். பி.எல்.ஏ. கூடவே கூடாது, ஏனென்றால் அது 60 டிகிரி செல்சியஸ் வாக்கிலேயே இளக ஆரம்பித்துவிடும், ஏ.எஸ்.ஏ. 100 டிகிரி வரை தாங்கும், வெயிலுக்கும் சீக்கிரம் நொறுங்காது. போல்ட் 316 ஸ்டெயின்லெஸ் (துருப்பிடிக்காத எஃகு வகை). டி-ரிங் ஒட்ட, பி.வி.சி. துணிக்கென்றே வரும் இரண்டு பாகப் பாலியூரத்தேன் பசை. என் டியூபுக்குத் தனியாக உள்பை கிடையாது. பி.வி.சி. பூசிய துணிதான் காற்றறை. அதன் மேல் எதை ஒட்டினாலும், எதை உரசவிட்டாலும், அது என்னை மிதக்க வைக்கும் சுவரின் மேல் செய்கிற வேலை. இதை அவரிடம் நேரில் சொன்னேன். "நானும் மீன் பிடிக்கிறவன்தான், எனக்குத் தெரியாதா" என்றார்.

காலையில் டியூபைக் கொடுத்தேன். சாயங்காலமே வேலை முடிந்துவிட்டது என்று அழைத்தார். போனபோது டியூபில் முழுக்கக் காற்றடித்து வைத்திருந்தார். அந்த வகைப் பசை சரியாகப் பிடிக்க, ஒட்டிய பிறகு குறைந்தது ஒரு நாளாவது காற்றடிக்காமல் விட வேண்டும். கேட்டதற்கு "இது வேகமாகக் காயும் மரைன் பசை" என்று அடித்துச் சொன்னார். பார்க்க எல்லாம் நன்றாகவே இருந்தது. கறுப்பு நிறம், வழவழப்பான ஓரம், நான் வரைந்த அளவு அச்சு அசலாக.

ஜூன் மாதம் லெனிஸ் ஏரிக்குப் போனோம். மலையைத் தாண்டி ஐ-90 நெடுஞ்சாலை வழியாக வான்டேஜ், அப்புறம் பெவர்லி பக்கம். அங்கே வெயில் சியாட்டில் வெயில் இல்லை. மூடிய காரில் கண்ணாடி வழியாக வெயில் விழும் இடம் 60 டிகிரியைத் தொடுவது சாதாரணம். வண்டியை நிறுத்திவிட்டு டியூபை முதுகில் சுமந்து ஏரிக்கு நடக்க வேண்டும். அப்போதே கவனித்தேன், ஹோல்டரின் வட்டமான வாய் லேசாக நீள்வட்டமாகியிருந்தது. ராடு இன்னும் சரியாக உட்கார்ந்ததால் தண்ணீரில் இறங்கினேன்.

அந்தப் பள்ளத்தாக்கில் காற்று எப்போது கிளம்பும் என்று சொல்ல முடியாது. காற்று ஏறியதும் கரைப்பக்கம் திரும்ப, ராடை ஹோல்டரில் வைத்துவிட்டு இரண்டு காலையும் அடித்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் மீன் அடித்தது. பெரிய மீன்கூட இல்லை. ஒரு வெட்டு வெட்டியது, ஹோல்டரின் கழுத்து 'படக்' என்று முறிந்தது, ராடும் ரீலும் தண்ணீருக்குள். எட்டிப் பிடிக்கத் தட்டில் கை ஊன்றினேன். தட்டைத் தாங்கிய டி-ரிங் பட்டை மொத்தமாக உரிந்து வந்தது. தட்டு ஒரு பக்கம் சரிய, அதன் அடியில் இருந்த போல்ட் முனை காற்றறைத் துணியின் மேல் 'கரக்'கென்று இழுத்துக்கொண்டு போனது. அந்தச் சத்தம் கேட்டபோது எனக்கு அடிவயிறு கலங்கியது. துணி கிழியவில்லை. சீட்டுக்குத் தனிக் காற்றறை உண்டு, லைஃப் ஜாக்கெட்டும் போட்டிருந்தேன். ஆனாலும் எதிர்க்காற்றில், வேடர் என்ற நீர்புகா உடை அணிந்த காலோடு, கரை தூரத்தில் இருக்கும்போது அதையெல்லாம் நினைத்து ஆறுதல் அடைய முடியாது. என்னோடு வந்த அண்ணன் பக்கத்திலேயே டியூபை ஓட்டிக்கொண்டு வந்து கரை சேர்த்தார்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் மேசையில் பரப்பினோம். உடைந்த கழுத்தின் முகம், அடுக்கி வைத்த தாள்களைப் பிரித்தது மாதிரி தட்டையாக, கோடு கோடாக இருந்தது. 3டி பிரிண்டில் ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவேதான் பலவீனம். ராடு நீளமான நெம்புகோல். மீன் இழுக்கும்போது முழு பலமும் அந்தக் கழுத்தில்தான் இறங்கும். அதனால் அச்சடிக்கும்போது பாகத்தைப் படுக்க வைத்து அடிக்க வேண்டும், அடுக்குகள் கழுத்தின் நீளவாக்கில் ஓடும்படி. இவர் நிற்க வைத்து அடித்திருக்கிறார்.

அடுத்து பிளாஸ்டிக். கெட்டியான ஒரு துண்டை வெட்டி 70 டிகிரி தண்ணீரில் போட்டேன். கொஞ்ச நேரத்தில் விரலால் வளைக்க முடிந்தது. ஏ.எஸ்.ஏ. அந்தச் சூட்டுக்கு அசையாது. அவர் "வெந்நீர் டெஸ்ட் எல்லாம் சும்மா" என்று சொல்லக்கூடும் என்று இன்னும் இரண்டு செய்து வீடியோ எடுத்தேன். அசிட்டோனில் நனைத்த பஞ்சால் தேய்த்தால் ஏ.எஸ்.ஏ. பிசுபிசுவென்று கரைந்து பஞ்சில் கறுப்பு ஒட்டும். இதில் ஒன்றுமே வரவில்லை. உப்பு இனிமேல் கரையாது என்கிற அளவுக்குக் கரைத்த தண்ணீரில் ஏ.எஸ்.ஏ. துண்டு மிதக்க வேண்டும்; இது நேராக அடியில் போய் உட்கார்ந்தது. (உள்ளே கூடு விட்டு அடித்த துண்டு என்றால் காற்று புகுந்து மிதந்துவிடும், அதனால் கெட்டியான ஓரத்தை மட்டும் வெட்டுங்கள். அசிட்டோனை டியூப் பக்கமே கொண்டுபோகாதீர்கள், பி.வி.சி.யைக் கெடுத்துவிடும்.)

பசையைப் பார்த்தபோதுதான் உண்மையாகவே கோபம் வந்தது. உரிந்த பட்டையின் பின்பக்கம் கண்ணாடி மாதிரி பளபளத்தது. நகத்தால் சுரண்டினால் செதில் செதிலாகத் தெறித்தது. பாலியூரத்தேன் பசை காய்ந்தாலும் ரப்பர் போல வளையும், துணியோடு சேர்ந்து அசையும். இது சூப்பர் க்ளூ வகை. காற்றடித்து இறக்கும் ஒரு துணியில் நிற்கவே நிற்காது. துணியை ஒட்டுமுன் துடைத்த அடையாளமும் இல்லை, தொழிற்சாலைப் பளபளப்பு அப்படியே இருந்தது. போல்ட்டில் ஃப்ரிட்ஜ் காந்தத்தை வைத்தேன், 'டப்' என்று பிடித்துக்கொண்டது. 316 என்றால் அப்படிப் பிடிக்காது. துத்தநாக முலாம் பூசிய சாதா இரும்பு. முனைக்கு மூடிய நட்டும் போடவில்லை.

அவரிடம் எல்லாப் படங்களையும் அனுப்பினேன். முதல் பதில், "காரில் வைத்தது உங்கள் தவறு." வெயிலில் வைக்கத்தானே ஏ.எஸ்.ஏ. கேட்டது என்றதும், "நான் கொடுத்தது ஏ.எஸ்.ஏ.தான்." வீடியோவை அனுப்பியதும், "வேண்டுமானால் இன்னொன்று அடித்துத் தருகிறேன், பாதி விலை." அப்புறம் பதிலே இல்லை. அவர் விளம்பரத்தில் போட்டிருந்த வேலைப் படங்களை இணையத்தில் தேடிப் பார்த்தேன். அவற்றில் இரண்டு வேறொருவர் முன்பே தன் வேலை என்று போட்ட படங்கள். வெறும் அலட்சியமாக இருக்குமோ என்று அதுவரை எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. இதைப் பார்த்ததும் அது போய்விட்டது.

கிரெடிட் கார்டில் கட்டியிருந்ததால் வங்கிக்கு எழுதியிருக்கிறேன். சொன்னபடி பொருள் வரவில்லை என்றால், ஃபேர் கிரெடிட் பில்லிங் ஆக்ட் என்ற 1974ஆம் வருட அமெரிக்கச் சட்டப்படி, அந்தத் தொகை வந்த முதல் பில்லிலிருந்து 60 நாட்களுக்குள் புகார் வங்கிக்கு எழுத்தில் போய்ச் சேர வேண்டும். ஃபோனில் சொன்னால் மட்டும் போதாது. விற்றவரிடம் முதலில் கேட்டதற்கான ஆதாரத்தையும் வைத்துக்கொள்ளுங்கள். ஆர்டர் கொடுத்தபோது நான் எழுதிய செய்தியில் "ஏ.எஸ்.ஏ. மட்டும்" என்ற வரி இருந்ததுதான் இப்போது எனக்குக் கை கொடுக்கிறது.

இப்போது டியூபில் இருப்பது நானே செய்தது. ஒன்றரை அங்குல ஷெட்யூல் 40 தடிமன் பி.வி.சி. பைப், அதில் ரீலின் கால் நுழைய ஒரு வெட்டு, தண்ணீர் வடிய அடியில் ஓட்டை. அடித்தட்டுக்குக் கீழே நீச்சல்குளத்தில் பயன்படுத்தும் நுரைக் குழாயைப் பிளந்து வைத்திருக்கிறேன், கடினமான எதுவும் காற்றறையில் படாது. கட்டியிருப்பது டியூபோடு கம்பெனியே தைத்துக் கொடுத்த வளையங்களில், பக்கிள் பட்டையால். பசையும் இல்லை, போல்ட்டும் இல்லை. அழகாக இல்லை, ஆனால் பிடித்து இழுத்தால் டியூபே கூட வருகிறது.

யாரிடமாவது செய்யக் கொடுத்தே ஆக வேண்டும் என்றால், பிளாஸ்டிக் சுருளின் லேபிள் தெரியும்படி பிரிண்டர் ஓடும் படத்தைக் கேளுங்கள். உங்கள் பாகம் எந்தப் பக்கம் படுத்திருக்கிறது என்பதும் அதில் தெரிந்துவிடும். பசை டப்பா இரண்டையும் காட்டச் சொல்லுங்கள். கூடவே அதே பிளாஸ்டிக்கில் கெட்டியாக அடித்த ஒரு சின்னத் துண்டு கேளுங்கள், நியாயமாக வேலை செய்பவர் யாரும் அதற்கு மறுக்க மாட்டார்.

இவரிடம் ஏற்கெனவே செய்து வாங்கியிருந்தால், அடுத்த முறை ஏரிக்குக் கிளம்புமுன் டியூபைத் திருப்பிப் போட்டுப் போல்ட் முனை எந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறது என்று பாருங்கள். டி-ரிங் பட்டையின் ஓரத்தை நகத்தால் தூக்கிப் பாருங்கள். தூக்க வந்தால் அதில் எதையும் கட்டாதீர்கள். படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், வங்கிக்கு எழுதிய கடிதத்தின் நகலைத் தருகிறேன். பெயரையும் தொகையையும் மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.