வெங்காயத் தோலா, கன்னத்துச் செல்லா?

கடலூர்ப் பள்ளிகளில் அறிவியல் கண்காட்சி வந்தால் நுண்ணோக்கியின் கீழ் எதை வைப்பது என்ற இழுபறியும் வந்துவிடும்.

செலவு: மஞ்சக்குப்பத்துக் கடையில் ஒரு வெங்காயம். கன்னம் இலவசம். சாயத்துக்குத்தான் காசு, முன்னதற்கு அயோடின், பின்னதற்கு மெத்திலின் நீலம்.

எளிமை: வெங்காயத்தின் சதை அடுக்குக்கு உட்புறம் ஒட்டியிருக்கும் மெல்லிய சவ்வை இடுக்கியால் உரிக்க வேண்டும். மடிந்துபோனால் காற்றுக்குமிழிதான் தெரியும். அதையே செல் என்று வரைந்து மதிப்பெண் கேட்கும் பிள்ளைகளும் உண்டு! கன்னத்தின் உட்புறத்தைப் பல்குச்சியின் மழுங்கிய முனையால் லேசாகச் சுரண்டினால் போதும். ஒருவருக்கு ஒரு குச்சி, பிறகு குப்பைக்கு.

தெரிவது: வெங்காயத்தில் செங்கல் அடுக்கியதுபோல் செல்சுவர்கள், 100 மடங்கிலேயே தெளிவாகத் தெரியும். நடுவை நுண்குமிழ் என்ற நீர்மப் பை அடைத்துக்கொள்வதால் உட்கரு ஓரத்தில் ஒதுங்கியிருக்கும். இலைக்குப் பச்சை நிறம் தரும் பசுங்கணிகத்தைத் தேட வேண்டாம். வெளிச்சம் படாத உள்ளடுக்கில் அது இராது. கன்னச் செல்லுக்குச் சுவரே கிடையாது. தட்டையாக, கோணல்மாணலாக, நடுவில் நீலப் புள்ளியாய் உட்கரு. 400 மடங்கு வைத்தால் நல்லது.

ஆறாம் வகுப்புக்கும் கூட்டம் நெரியும் மேசைக்கும் வெங்காயமே என் தேர்வு. தாவர, விலங்குச் செல் வேறுபாட்டை விளக்கப்போகிறவர்கள் இரண்டையும் வைக்கத்தான் வேண்டும்.