சபுக்குப் பலகை டீப்போ: கள்ள லாச்சி அருமை, மேற்பலகைதான் ஈரம்

ஹட்டன் பக்கத் தச்சுப் பட்டறை ஒன்று ஓடருக்குச் செய்துகொடுக்கும் டீப்போ இது. நீளம் 42 அங்குலம், அகலம் 22, உயரம் 17. மரம், தேயிலைக்கு நிழலாக நிற்கும் சபுக்கு, அதாவது கிரவில்லியா. கைபிடி எங்கும் இல்லை. நீளப்பக்கச் சட்டத்தின் நடுத்துண்டுதான் லாச்சியின் முகப்பு.

அந்த முகப்பைச் செய்த கைக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம். சட்டத்தையும் முகப்பையும் ஒரே பலகையில் அறுத்திருப்பதால் ரேகை வெட்டுவாயைத் தாண்டி அப்படியே ஓடுகிறது. சபுக்கில் மீன் செதில் போல மினுங்கும் புள்ளிகள் வேறு இருப்பதால், இடைவெளி கண்ணில் படுவதே இல்லை. திறப்பதற்கு அடியில் விரல் நுழையும் காடி ஒன்று. அமுக்கினால் திறக்கும் காந்தப் பூட்டைப் போடாமல் விட்டது நல்லது. மழைக்கு மரம் ஊதிவிட்டால் அந்தப் பூட்டுக்குத் தள்ளப் பலம் போதாது, லாச்சி இறுகி நின்றுவிடும். இதில் லாச்சிக்கு மேலே எட்டில் ஒரு அங்குலம் விட்டிருக்கிறார்கள். ஓடும் சட்டத்தில் மெழுகுவர்த்தி தேய்த்தால் மழையிலும் வழுக்கிக்கொண்டு வரும்.

லாச்சிக்குள் இன்னொரு அடித்தட்டு. 4 மில்லிமீற்றர் ப்ளைவுட், ஆணியோ பசையோ இல்லாமல் மெல்லிய சட்டத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது. மூலையில் அடிப்பக்கமாக இரும்பு வொஷர் ஒன்றைப் பதித்திருக்கிறார்கள். மேலிருந்து காந்தத்தை ஒட்டித் தூக்கினால் தட்டு கழன்று வருகிறது. கீழே ஒன்றேகால் அங்குல ஆழம். காணி உறுதி, பாஸ்போர்ட், அடகுச் சீட்டு எல்லாம் அடங்கும். ஆனால் அந்த அறையின் உட்புறத்துக்கு மரத்தில் ஈரம் ஏறாமல் அடைக்கும் சீலர் பூச்சு ஒரு கோட்கூட இல்லை, வெறும் மரம். காற்றுப் போகாத இடம், மலைநாட்டுக் குளிர். கடதாசியில் பூஞ்சணம் பிடிக்காமல் இருக்காது. உள்ளே இரண்டு கோட் சீலர் அடித்து, பின்பக்கமாக 10 மில்லிமீற்றர் துளை இரண்டு போட்டுத் தரச் சொல்லுங்கள்.

பெரிய கோளாறு மேற்பலகையில். ஐந்து பலகைகளை ஒட்டியிருக்கிறார்கள், ஒட்டுவாய் சுத்தம். ஆனால் ஈரமானியை நடுவில் வைத்தால் 19 சதவீதம் காட்டுகிறது. வீட்டுக்குள் கிடக்கும் மரம் இங்கே 15 அளவில்தான் நிலைக்கும். அந்த நான்கு புள்ளி குறையும்போது 22 அங்குல அகலம் கால் அங்குலம் வரை சுருங்கலாம். சுருங்க விட்டால் பிரச்சினை இல்லை. இங்கே எட்டுத் திருகாணிகளை அடியிலுள்ள கட்டையின் வட்டத் துளை வழியாக மேற்பலகைக்குள் நேரே முறுக்கியிருக்கிறார்கள். நகர வழியில்லாத பலகை ஒட்டுவாயிலோ ரேகையிலோ வெடிக்கும். ஜூலையில் ஹட்டனில் மழை கொட்டும்போது பண்டாரவளை, வெலிமடைப் பக்கம் கச்சான் காற்று உலர்த்தி எடுக்கும். இங்கே செய்ததை அந்த மாதத்தில் அங்கே கொண்டுபோனால் வெடிப்பு சீக்கிரமே வரும். பரிகாரம் சுலபம்: திருகாணிகளைக் கழற்றி, கட்டையிலுள்ள துளைகளை ரேகைக்குக் குறுக்காக முக்கால் அங்குலம் நீட்டி, வொஷர் வைத்து, இறுக்கிப் பிழியாமல் மறுபடி பூட்டுவது.

மினுக்குக்கு லாக்கர் அடிக்கிறார்கள். சூடான தேத்தண்ணிக் கோப்பையை வைத்தால் வெள்ளை வளையம் விழுகிறது. பனிமூட்டத்தில் லாக்கர் அடித்தால் காயும் முன்பே பால்படலம் கட்டும் என்பது தச்சர்களுக்குத் தெரியாததல்ல, ஆனாலும் ஓடர் முடிக்கிற அவசரம். லாக்கருக்குப் பதிலாகப் பொலியூரித்தேன் பூச்சுக் கேளுங்கள், காயக் கூடுதல் நாள் எடுத்தாலும் பரவாயில்லை.

வெளிறிய பலகை கலந்திருக்கிறதா என்று கால்களின் அடியையும் பாருங்கள். மாவு போலத் தூள் கொட்டினால் மரம் அரிக்கும் உளு விழுந்துவிட்டது, வாங்கவே வேண்டாம்.

விலை பேசும்போது மரக்கணக்கைக் கேட்கத் தயங்காதீர்கள். இந்த அளவு டீப்போவுக்குக் கழிவோடு சேர்த்து ஒன்றரைக் கன அடிக்குச் சற்று மேல் போகும், இரண்டு கன அடிக்கு மேல் எழுதியிருந்தால் கேள்வி கேட்கலாம். பலாவில் செய்தால் பாரமும் விலையும் கூடும். சபுக்கு மேற்பலகை முக்கால் அங்குலத் தடிப்பில் ஆறரைக் கிலோ அளவில் நிற்பதால், வீடு கூட்டும்போது ஒருவரே டீப்போவைத் தூக்கி நகர்த்தலாம்.