ஹீட்டர் கோர் மாற்றியதாகப் பில் போட்டார்கள். கிளாம்பில் படிந்த தூசி கூடக் கலையவில்லை

குளிர்காலத் தொடக்கத்தில் என் காரின் ஹீட்டர் சூடான காற்றைத் தருவதை நிறுத்திவிட்டது. புளோயர் நன்றாகச் சுழன்றது, காற்றின் வேகத்திலும் குறையில்லை, ஆனால் வந்ததெல்லாம் சில்லென்ற காற்று. முன்கண்ணாடியில் படியும் மூட்டம் விலகாததால் துடைத்துத் துடைத்து ஓட்ட வேண்டியிருந்தது. அது ஆபத்து என்பதால் அதிகம் விசாரிக்காமல் ஒரு பட்டறையில் வண்டியை விட்டேன். அங்கே எனக்கு நேர்ந்தது இன்னொருவருக்கு நேரக்கூடாது என்பதற்காகவே விவரமாக எழுதுகிறேன்.

பட்டறைக்காரர் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, எந்தக் குழாயையும் தொடாமலேயே, "ஹீட்டர் கோர் போய்விட்டது, டாஷ்போர்டை முழுதாகக் கழற்றினால்தான் வேலை ஆகும்" என்றார். ஹீட்டர் கோர் என்பது டாஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் ஒரு சிறிய ரேடியேட்டர். எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்ட், எஞ்சினைச் சுற்றிச் சூடாகி அதற்குள் ஓடும்போது, அதன் வழியாகப் போகும் காற்று சூடாகிறது. பல வண்டிகளில் அதை எட்டுவதற்கே பல மணி நேர உழைப்பு தேவைப்படும் என்பதால், பொருளின் விலையைவிடக் கூலிதான் பெரிதாக வரும். அந்தக் கூலியைத்தான் என்னிடம் முழுமையாக வாங்கினார்கள்.

மூன்றாம் நாள் வண்டியை எடுக்கப் போனபோது எஞ்சின் ஏற்கெனவே வெகுநேரமாக ஓடிக்கொண்டிருந்தது. கையை நீட்டிப் பார்த்தேன், காற்று சூடாகவே வந்தது. பழைய கோரைக் கேட்டதற்கு, குப்பையில் போட்டுவிட்டதாகச் சொன்னார்கள். பணத்தைக் கட்டிவிட்டு நெடுஞ்சாலையில் ஏறிய பத்தாவது நிமிடத்தில் மறுபடியும் அதே குளிர்காற்று வந்தது.

அடுத்த நாள் சென்ற வேறொரு மெக்கானிக் முதலில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "வேகமாகப் போகும்போது டெம்பரேச்சர் ஊசி கீழே இறங்குகிறதா, சார்?" ஆம், இறங்குகிறது. அதை நான் பல வாரங்களாகப் பார்த்தும் பொருட்படுத்தாமல் இருந்திருக்கிறேன். எஞ்சின் ஆறியிருந்த நிலையில் ஸ்டார்ட் செய்து, ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஹோஸைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். கூலண்ட் சூடேறும்வரை அதை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுக்கும் வால்வுதான் தெர்மோஸ்டாட். அது சரியாக இருந்தால் கூலண்ட் ஏறத்தாழ 80 முதல் 90 டிகிரி செல்சியஸை எட்டும்வரை அந்த ஹோஸ் பெரிதாகச் சூடாகாது. என் வண்டியிலோ தொடக்கத்திலிருந்தே மெல்ல மெல்லச் சூடேறியது. கழற்றிக் காட்டியபோது, 82 என்று பொறித்திருந்த அந்தச் சிறிய வால்வு, ஆறிய நிலையிலும் விரல் நகம் நுழையும் அளவுக்குத் திறந்தே நின்றது. மூடாத தெர்மோஸ்டாட் எஞ்சினை எளிதில் சூடேற விடுவதில்லை. ஓட்டத்தில் எதிர்க்காற்று ரேடியேட்டரில் மோதும்போது கூலண்ட் இன்னும் ஆறிவிடுகிறது. நின்ற இடத்தில் நெடுநேரம் ஓடினால் மட்டும் ஓரளவு சூடு பிடிக்கிறது. பட்டறையில் எனக்குக் கிடைத்த சூடான காற்றின் காரணம் அதுதான்.

அதன்பிறகு அவர் காட்டியதுதான் என் மனத்தை மிகவும் நோகடித்தது. எஞ்சினுக்கும் கேபினுக்கும் இடையிலுள்ள தடுப்புச் சுவர் வழியாக இரண்டு ஹோஸ்கள் ஹீட்டர் கோருக்குப் போகின்றன. கோரை மாற்ற வேண்டுமானால் அவற்றைக் கழற்றியே ஆக வேண்டும். அவற்றை இறுக்கிப் பிடிக்கும் இரண்டு கிளாம்ப்களின் மேலும் எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் ஒரே படலமாக அப்பியிருந்தன, ஸ்க்ரூவின் பள்ளத்தில் துரு அப்படியே உறைந்திருந்தது. புதிய கூலண்ட் ஊற்றியதாகவும் பில்லில் இருந்தது, தொட்டியில் இருந்ததோ பழைய பழுப்பு நிறக் கூலண்ட். டாஷ்போர்டின் கீழ்ப்பலகையை மட்டும் பிரித்து மாட்டியிருக்கிறார்கள். அதில் உடைந்த ஒரு கிளிப்பால் இப்போது மேடு பள்ளங்களில் கடகடவென்று சத்தம் வருகிறது.

ஹீட்டர் கோர் ஒழுகினால் கேபினுக்குள் ஒருவித இனிப்பு வாடை வரும், முன் பக்கத் தரைவிரிப்பு நனையும், கண்ணாடியில் பிசுபிசுப்பான படலம் படியும். இவை எதுவும் இல்லாதபோது கோர் ஒழுகுகிறது என்று யாராவது சொன்னால் தயவுசெய்து காரணம் கேளுங்கள். அடைப்பு என்று சொன்னால், எஞ்சின் சூடான பிறகு அந்த இரண்டு ஹோஸ்களையும் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். ஒன்று சூடாகவும் மற்றது குளிர்ந்தும் இருந்தால் கோருக்குள் ஓட்டம் இல்லை என்று பொருள். இரண்டும் நல்ல சூடாக இருந்தும் குளிர்காற்றே வந்தால், சூட்டையும் குளிரையும் கலக்கும் உள்கதவில்தான் பழுது தேட வேண்டும். கூலண்ட் குறைந்திருந்தாலும் ஹீட்டர்தான் முதலில் கைவிடும். ஆனால் அளவு பார்க்கிறேன் என்று சூடான எஞ்சினில் ரேடியேட்டர் மூடியை ஒருபோதும் திறந்துவிடாதீர்கள், கொதிநீர் முகத்தில் பீறிட்டு அடிக்கும். பழைய பாகத்தைத் திருப்பித் தர வேண்டும் என்பதை வேலை தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். பணம் கட்டும் முன் வேகமாக ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

கிளாம்ப்களைப் படம் எடுத்துக்கொண்டு முதல் பட்டறைக்குத் திரும்பிப் போனேன். கூலண்டுக்கு வாங்கிய தொகையை மட்டும் மேசைமேல் வைத்தார்கள், கோரைப் பற்றிக் கேட்டதற்குப் பதிலே இல்லை. நான் அந்தத் தொகையை எடுத்துக்கொள்ளாமல், பில்லையும் படங்களையும் இணைத்து எழுத்து மூலம் புகார் கொடுத்திருக்கிறேன்.