ஜெயிக்க முடியாத கேம்கள்: வகுப்பில் பன்னிரண்டு வருடம்

குடிமையியல் வகுப்பில் பிரவுசர் கேம்களைப் பயன்படுத்தத் தொடங்கி பன்னிரண்டு வருடம் ஆகிறது. இன்ஸ்டால் செய்ய வேண்டாம், லாகின் வேண்டாம், பத்து நிமிடம் ஆடிவிட்டு மீதி நேரம் முழுக்க சண்டை போடலாம். அதுதான் என்னை இழுத்தது.

முதலில் போட்டது 'செப்டம்பர் 12'. உருகுவேக்காரர் கொன்சாலோ ஃபிராஸ்காவின் குழு 2003இல் வெளியிட்டது. மேலிருந்து பார்த்தால் ஒரு ஊர். நடமாடும் ஜனங்களுக்கு நடுவே துப்பாக்கியோடு சில தீவிரவாதிகள். குறிவைத்து கிளிக் செய்தால் ஏவுகணை கிளம்பும், ஆனால் விழுவதற்குச் சற்று நேரம் பிடிக்கும். அதற்குள் அந்த ஆள் நகர்ந்திருப்பான், குறுக்கே யாரோ வந்திருப்பார்கள். பிணத்தைச் சுற்றி நின்று அழுகிறவர்களில் சிலர் அப்படியே தீவிரவாதியாக மாறுவார்கள். ஸ்கோர் கிடையாது. முதல் தடவை வகுப்பே சிரித்துக்கொண்டு சுட்டது. ஐந்து நிமிடத்தில் திரை முழுக்கத் துப்பாக்கிகள், சிரிப்பு நின்றுவிட்டது.

அப்புறம் ஒரு மாணவி கேட்டாள்: "சுடாம விட்டா?" சுடாவிட்டால் அவர்கள் எண்ணிக்கை கூடாது, சும்மா நடந்துகொண்டே இருப்பார்கள். "அவங்க எதுவுமே செய்ய மாட்டாங்களா? இது யார் சொன்ன கணக்கு சார்?"

நான் யோசிக்காத கேள்வி. கார்ட்டூனில் வரைந்தவரின் கருத்து கோட்டிலேயே தெரிந்துவிடும். கேமில் அது விதிக்குள் ஒளிந்திருக்கும். ஆடுகிறவர் தானே கண்டுபிடித்ததாக நினைத்துக்கொள்வார். அன்றிலிருந்து எந்த கேம் ஆடினாலும் என் முதல் கேள்வி: இந்த விதியை எழுதியவர் எதை விட்டுவிட்டார்?

இந்தக் கேள்வி இல்லாமல் ஓட்டினால் என்னாகும் என்பதை 'ஸ்பென்ட்' காட்டியது. அமெரிக்க வறுமை பற்றிய 2011ஆம் வருட கேம். கையில் 1000 டாலர், ஒரு மாதம் தள்ள வேண்டும். வேலைக்குப் பக்கத்தில் வீடு பார்த்தால் வாடகை எகிறும், தள்ளிப் போனால் பெட்ரோல் செலவு. நன்றாகத்தான் செய்திருக்கிறார்கள். ஆனால் மாதக் கடைசியில் காசு மிச்சம் பிடித்த ஒருவன் எழுந்து, "பிளான் பண்ணினா சமாளிக்கலாம் சார், அவங்களுக்குத்தான் தெரியல" என்றான். கேம் சொல்ல வந்ததற்கு நேர் எதிர்! ஜெயிக்க வழி இருந்தால் பிள்ளைகள் அதைத்தான் தேடுவார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது. இப்போது அதை ஆட வைப்பதில்லை.

நடுவில் பெரிய இழப்பு, பழைய பிரவுசர் கேம்கள் பலவற்றை ஓட்டிய ஃபிளாஷ் மென்பொருளுக்கு 2020 கடைசியோடு ஆதரவு நின்றது. என் பட்டியலில் பாதி போச்சு. ஃபிளாஷ் செய்த வேலையை அப்படியே செய்துகாட்டும் ரஃபிள் என்ற எமுலேட்டரில் சில மீண்டும் ஓடுகின்றன. 'செப்டம்பர் 12'ஐ இப்போது வீடியோவாகத்தான் காட்டுகிறேன். பார்க்கிறார்கள், தலையாட்டுகிறார்கள், அவ்வளவுதான். கிளிக் செய்தது தன் விரல் என்ற உறுத்தல் வீடியோவில் வராது.

இன்றும் சலிக்காமல் உழைப்பது 'பேரபிள் ஆஃப் தி பாலிகன்ஸ்' (2014). வை ஹார்ட்டும் நிக்கி கேஸும் செய்தது. அடிப்படை, ஊர் எப்படி இனவாரியாகப் பிரிகிறது என்பதற்குப் பொருளாதார அறிஞர் தாமஸ் ஷெல்லிங் தந்த மாடல். சதுரங்களும் முக்கோணங்களும் சேர்ந்து வாழும் கட்டம். அக்கம்பக்கத்தில் மூன்றில் ஒரு பங்காவது தன் இனமாக இல்லாவிட்டால் ஒரு வடிவம் முகம் சுளிக்கும். அதை இழுத்து வேறிடத்தில் வைக்க வேண்டும். கேட்பதென்னவோ சின்ன விருப்பம்தான். நகர்த்தி முடித்தால் ஊரே இரண்டாகப் பிரிந்து கிடக்கும். அந்தப் பங்கைக் கூட்டவும் குறைக்கவும் ஸ்லைடர் இருப்பதால், விதியும் ஒருவர் முடிவு செய்ததுதான் என்பது நான் சொல்லாமலே புரிகிறது. ஒரே குறை, வாசிக்க வேண்டிய ஆங்கிலம் அதிகம். பத்தி பத்தியாக நான் தமிழில் சொல்லிக்கொண்டே போக வேண்டியிருக்கிறது.

இந்த கேமின் நிரலை (code) யாரும் எடுத்து மாற்றலாம் என்று பொதுச்சொத்தாகவே விட்டிருக்கிறார்கள். போன பருவத்தில் இரண்டு பேர் அதை இறக்கி, சதுரங்களுக்கு மட்டும் வாடகை அதிகம் என்று ஒரு விதி சேர்க்கப் பார்த்தார்கள். பாதியில் எரர் அடித்து நின்றுவிட்டது. வாடகையை யார் நிர்ணயிப்பது என்பதில் இருவருக்கும் சண்டை, இன்னும் தீரவில்லை.